மூக்கும் ஊசியும்: கத்தியில்லா வைத்தியத்தின் பழைய கதை

பதிவு நீளம்தான். சாவகாசமாக உட்கார்ந்து வாசியுங்கள். கல்யாண வயதில் பெண்ணோ பையனோ வீட்டில் இருந்தால் அவர்களையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒருவனுக்கு நாலு பேர் முன்னால் அவமானம் நேர்ந்தால் நம் மொழி நேராக மூக்குக்குத்தான் போகிறது. மூக்கறுபட்டான், மூக்குடைபட்டான் என்கிறோம். காதறுபட்டான் என்று யாரும் சொல்வதில்லை. மதுரை நாட்டில் இது வெறும் பேச்சாக மட்டும் இருக்கவில்லை. 1656ஆம் ஆண்டு வாக்கில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜரின் படை சத்தியமங்கலம் பக்கமாக இறங்கி வந்தது. வழியில் அகப்பட்டவர்களை ஆண், பெண், குழந்தை என்று பாராமல் மூக்கையும் மேலுதட்டையும் சேர்த்து அறுத்து, மூட்டை மூட்டையாகத் தன் அரசனுக்கு அனுப்பியது. திருமலை நாயக்கர் அப்போது நோயில் படுத்திருந்தார். ராமநாதபுரம் ரகுநாத சேதுபதி மறவர் படையைத் திரட்டி வந்து அவர்களை விரட்டினார். அதோடு நிற்கவில்லை. நாயக்கர் படை மைசூர் எல்லைக்குள் போய் அதே வேலையைத் திருப்பிச் செய்தது. அக்காலத்தில் இங்கே இருந்த ஏசு சபைப் பாதிரியார்கள் தங்கள் தலைமைக்கு எழுதிய கடிதங்களில் இதெல்லாம் இருக்கிறது. வகுப்பில் இந்த மூக்கறுப்புப் போரை நடத்தும்போது பிள்ளைகள் தங்களை அறியாமல் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். வேறெந்தப் போருக்கும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அறுபட்ட மூக்கைத் திரும்ப வைக்கும் வித்தையும் நம் நாட்டில்தான் வளர்ந்தது. சுஸ்ருத சம்ஹிதையில் அதற்குத் தெளிவான செய்முறை உண்டு. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டிக்கொள்ள வேண்டும். அந்த அளவில் கன்னத்துத் தோலை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படியே செதுக்கி எடுத்து, மூக்கு இருந்த இடத்தில் பொருத்த வேண்டும். மூச்சு விடுவதற்கு ஆமணக்குத் தண்டில் செய்த இரண்டு குழாய்களைச் செருக வேண்டும். மேலே அதிமதுரம் முதலான பொடிகளைத் தூவி, எள்ளெண்ணெயில் நனைத்த பஞ்சால் மூட வேண்டும். 'ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படியே' என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு ரத்தம் வந்துகொண்டே இருந்தால்தான் அது உயிரோடிருக்கும் என்பதை அந்தக் கை அறிந்திருந்தது. இந்த ரத்த ஓட்ட விஷயம் கடைசி வரை நம்மோடு வரப்போகிறது.

1792இல் முடிந்த மைசூர்ப் போரில் கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரர், ஆங்கிலேயப் படைக்குச் சாமான் ஏற்றிப் போனவர், திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கினார். அவர்கள் மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே பக்கத்தில் ஒருவர் நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு வைத்தார். அப்படி வைத்தவர் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர் என்று அன்றைய குறிப்பு சொல்கிறது. இலைக்குப் பதில் மெழுகுத் தகட்டில் அளவெடுத்தார். தையல் போடவில்லை. வெற்றிலையோடு போடுகிறோமே காசுக்கட்டி, அதைக் குழைத்து ஒட்டினார். இரண்டு ஆங்கில மருத்துவர்கள் கூடவே நின்று பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் கவாஸ்ஜியின் படத்தோடு இதை வெளியிட்டது. ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் சர்ஜன் அதைப் படித்துவிட்டுப் பல வருடம் பிணங்களில் செய்து பழகி, 1814இல் ஒரு ராணுவ அதிகாரிக்குச் செய்தார். மயக்க மருந்து வராத காலம் அது. 1816இல் அவர் எழுதிய புத்தகத்திலிருந்துதான் ஐரோப்பாவில் நவீன மூக்குச் சிகிச்சை கிளம்பியது. இத்தாலியில் அதற்கும் இருநூறு வருடம் முன்பே தல்யாகோத்சி என்பவர் கைத்தோலை எடுத்து மூக்கு செய்திருந்தார். ஆனால் கையை வாரக்கணக்கில் முகத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அது பரவவில்லை.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? என் பழைய மாணவி ஒருத்தி, இன்று பள்ளிக்கூட வயது தாண்டிய பெண்ணுக்குத் தாய், உள்பெட்டியில் கேட்டிருந்தாள். "சார், பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு. மூக்கு சப்பையா இருக்குன்னு ஃபில்லர் போட்டுக்கணுங்கிறா. கத்தியே கிடையாதாம், ஊசிதானாம். பத்து நிமிஷமாம். மத்தியானம் போட்டுக்கிட்டு சாயங்காலம் வேலைக்குப் போகலாமாம். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் வரலாறு நடத்தியவன், மருத்துவன் அல்லேன். உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் "கத்தியே கிடையாது, ஊசிதான்" என்ற அந்த வாக்கியத்துக்கு வயது நூற்றிருபதுக்கு மேல். அதன் சரித்திரம் எனக்குத் தெரியும். அவளுக்குத் தனியாக எழுத ஆரம்பித்தது இங்கே பதிவாகிவிட்டது.

முதலில் ஒன்று. மேலே சொன்ன அத்தனை பேரும் மூக்கை இழந்தவர்கள். இருக்கிற மூக்கு பிடிக்கவில்லை என்று மருத்துவரிடம் போவது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பழக்கம். 1887இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் ஜான் ரோ என்ற மருத்துவர், நுனி தூக்கிய குட்டை மூக்கை உள்பக்கமாகவே அறுத்துத் திருத்தும் முறையை எழுதினார். வெளியே தழும்பு தெரியாது. அந்த மாதிரி மூக்கை அங்கே ஐரிஷ்காரர்களோடு சேர்த்துக் கேலி செய்வார்கள். 1898இல் பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற யூத மருத்துவரிடம் ஓர் ஆள் வந்தான். பெரிய மூக்கு, தெருவில் இறங்கினால் எல்லோரும் பார்க்கிறார்கள், வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை என்றான். ஜோசப் அதைக் குறைத்துக் கொடுத்தார். உடம்பில் நோயில்லாதவனை எதற்கு அறுக்கிறாய் என்று கேட்ட சக மருத்துவர்களுக்கு, அவன் மனசுக்கு வந்த நோயைத்தான் தீர்த்தேன் என்ற பொருளில் பதில் சொன்னார். பெர்லினில் யூதர்கள் பலர் அவரைத் தேடி வந்தார்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரிலும் மூக்குக்கு மார்க் போட ஆள் வந்தது அந்தக் காலத்தில்தான். ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி வங்காளத்தில் ஆயிரக்கணக்கானோரின் மூக்கை அளந்தார். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் வரும். 70க்குக் கீழே என்றால் கூர்மூக்கு, 85க்கு மேலே என்றால் சப்பை மூக்கு. மூக்கு அகலமாக ஆக சாதி கீழே இறங்கும் என்று அவர் எழுதியே வைத்தார். சென்னையில் எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் அளவுகோலோடு நம் மாகாணம் முழுக்கச் சுற்றினார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டு பயந்தார்களாம். தங்களில் நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்து, உள்ளே பஞ்சடைத்து மியூசியத்தில் நிறுத்தப்போகிறார் என்று நினைத்தார்களாம். தர்ஸ்டனே எழுதியிருக்கிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தப் பெண்கள் நினைத்தது முழுக்கத் தவறு என்றும் எனக்குத் தோன்றவில்லை. சாதிக்கும் மூக்குக்கும் போட்ட அந்தக் கணக்கை இன்று மானிடவியலில் யாரும் ஏற்பதில்லை. பெண் பார்க்கும் கூடத்தில் மட்டும் அது இன்னும் செல்லுபடியாகிறது. "நெறம் இருந்தாலும் மூக்கு கொஞ்சம்..." என்று இழுக்கும் பெரியம்மாக்களுக்கு ரிஸ்லி பெயர் தெரியாது.

கத்தி பயமாக இருந்தது. அப்போதுதான் ஊசி வந்தது. 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற சர்ஜன், காசநோயால் விரைகளை இழந்த ஓர் இளைஞனுக்கு, அந்த இடம் நிரம்பித் தெரிவதற்காக வாசலைனை உருக்கி ஊசியால் ஏற்றினார். ஆமாம், வெடிப்புக்குத் தடவுகிற அதே வாசலைன்தான். பார்ப்பதற்கு நன்றாக வந்தது. உடனே மூக்குக்குத் தாவினார்கள். ஐரோப்பாவில் பரங்கிப்புண் நோய் முற்றியவர்களுக்கு மூக்கெலும்பு அரித்து, நடுத்தண்டு குதிரைச் சேணம்போல் உள்ளே அமுங்கிப் போகும். முகத்தைப் பார்த்ததுமே ஊருக்கு நோய் தெரிந்துவிடும். அந்தப் பள்ளத்தில் வாசலைனோ பாரஃபின் மெழுகோ ஏற்றினால் சில நிமிடங்களில் மூக்கு நிமிர்ந்துவிடும். வலி குறைவு, தழும்பில்லை, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை. அன்றைய மருத்துவ இதழ்களில் இதைப் புகழ்ந்து எழுதியவர்கள் அநேகர். நோயாளிகள் முடிந்த பிறகு அழகுக்காக வந்தவர்கள் வரிசை கட்டினார்கள்.

அந்த வரிசையில் நின்றவர்களில் கிளாடிஸ் டீக்கன் என்ற பெண்ணின் கதையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 1881இல் பாரிஸில் பிறந்த அமெரிக்கப் பணக்காரக் குடும்பத்துப் பெண். அவள் அழகைப் பற்றி அன்றைய ஐரோப்பாவில் எழுதாதவர்கள் குறைவு. படித்தவள், பல மொழி பேசுவாள். அவளுக்கு ஒரு குறைதான் தெரிந்தது. நெற்றியிலிருந்து மூக்கு இறங்கும் இடத்தில் லேசான பள்ளம். கிரேக்கச் சிலைகளில் அந்தப் பள்ளம் கிடையாது, நெற்றியும் மூக்கும் ஒரே கோடாக இறங்கும். ரோம் நகர அருங்காட்சியகங்களுக்குப் போய்ப் பழஞ்சிலைகளின் மூக்கை அளந்து பார்த்தாளாம். சென்னையில் தர்ஸ்டன் உயிருள்ள மனிதர்களின் மூக்கை அளந்துகொண்டிருந்த அதே காலம். பிறகு பாரிஸில், இருபத்திரண்டு வயது வாக்கில், மூக்குத்தண்டில் பாரஃபின் ஏற்றிக்கொண்டாள்.

மெழுகு நின்ற இடத்தில் நிற்கவில்லை. மூக்கு தடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கித் தாடை வரை கட்டிகட்டியாக நின்றது. 1921இல் அவள் மார்ல்பரோ பிரபுவை மணந்து பிளெனம் அரண்மனைக்குச் சீமாட்டியாகப் போனாள். 1928இல் அந்த அரண்மனை முகப்பு மண்டபத்தின் கூரையில் அவளுடைய நீலக் கண்களைப் பெரிதாக வரைய வைத்தார்கள். இன்றும் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். கண்களை மட்டும் வரைந்தார்கள் என்பதை நான் அடிக்கடி யோசித்ததுண்டு. அந்த மணமும் நிலைக்கவில்லை. கடைசிக் காலத்தில் யாரையும் பார்க்காமல் ஒதுங்கி, ஒரு மனநல மருத்துவமனையில் பல வருடம் இருந்து, 1977இல் தொண்ணூறு தாண்டிய வயதில் இறந்தாள். அவள் வாழ்க்கை கெட்டதற்கு மூக்கு மட்டும் காரணமில்லை. தகப்பன் தாயின் காதலனைச் சுட்டுக் கொன்ற வீட்டில் வளர்ந்த பெண் அவள். இருந்தாலும் அந்த மெழுகு எழுபது வருடத்துக்கு மேல் அவள் முகத்திலேயே இருந்தது. எடுக்க வழியில்லை.

மெழுகு செய்ததை மருத்துவர்கள் பாரஃபினோமா என்று பெயரிட்டு எழுதினார்கள். உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்துச் சுற்றிலும் கெட்டித் தசையைக் கட்டுகிறது. சிலருக்குப் பல வருடம் கழித்துக் கட்டி கிளம்பியது, சிலருக்குப் புண்ணாகி உடைந்தது. அறுத்து எடுக்கப் போனால் முகத்துத் தசையோடு பின்னிக் கிடக்கும். கத்தி வேண்டாம் என்று ஊசிக்குப் போனவர்கள் கடைசியில் கத்திக்கே வந்தார்கள், அதுவும் இன்னும் பெரிய வெட்டுக்கு.

அதைவிட மோசமான ஒன்றும் அப்போதே தெரிந்துவிட்டது. 1903இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவ இதழில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மூக்கில் பாரஃபின் ஏற்றிய உடனே அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. விழித்திரைக்கு ரத்தம் கொண்டு போகும் நடுத்தமனி அடைத்துவிட்டது என்று கண்டார்கள். அடுத்த சில வருடங்களில் ஐரோப்பாவிலிருந்தும் இதேபோல் செய்தி வந்தது. மூக்கில் குத்தினால் கண் ஏன் போக வேண்டும்? இதற்குக் கடைசியில் வருகிறேன்.

மெழுகு ஓய்ந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரவ சிலிக்கோன் வந்தது. ஜப்பானில் தொடங்கி அமெரிக்காவுக்குப் பரவியது. விளம்பரம் அதே, விளைவும் ஏறக்குறைய அதே. அழகுக்காகத் திரவ சிலிக்கோனை ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. இன்றும் எச்சரித்துக்கொண்டிருக்கிறது. 1981இல் மாட்டுத்தோலிலிருந்து எடுத்த கொலாஜனுக்கு அந்த நிறுவனம் அனுமதி கொடுத்தது. சிலருக்கு ஒவ்வாமை, அதனால் முன்கூட்டியே கையில் குத்திப் பார்க்க வேண்டும். சில மாதங்களில் கரைந்தும் போகும்.

இப்போது போடுவது பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலம். அமிலம் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே இருக்கும் வழவழப்பான பொருள். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் நியூயார்க்கில் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கிரேக்கத்தில் ஹையலோஸ் என்றால் கண்ணாடி. அதிலிருந்து வந்த பெயர். பிறகு சேவலின் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போது பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். இயல்பான பொருள் உடம்பில் சில நாளில் கரைந்துவிடும் என்பதால், இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கூழாக்கிச் சிரிஞ்சில் அடைக்கிறார்கள். 2003 டிசம்பரில் ரெஸ்டிலேன் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூக்கில் போட்டால் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும் என்கிறார்கள். சிலருக்கு அதற்கு மேலும் தங்குகிறது.

இதற்கும் கிளாடிஸின் மெழுகுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று உண்டு. அதை மறைத்துப் பயமுறுத்துவது நியாயமில்லை. இதைக் கரைக்க முடியும். 1928இல் துரான் ரெனால்ஸ் என்ற ஆய்வாளர், விலங்கின் விரைச் சாற்றில் ஏதோ ஒன்று தோலுக்குள் மருந்தை வேகமாகப் பரவச் செய்கிறது என்று கண்டார். அது ஹையலூரானிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி என்று பின்னால் தெரிந்தது. கண்டு சொன்னவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் செயின், பெனிசிலினுக்காக நோபல் பரிசு வாங்கிய அதே செயின். அந்த நொதியின் பெயர் ஹையலூரானிடேஸ். ஃபில்லர் பிடிக்கவில்லை என்றாலோ கோணலாகப் போனாலோ இந்த ஊசியைப் போட்டுக் கரைத்துவிடலாம். மெழுகுக்கும் சிலிக்கோனுக்கும் இப்படி ஒரு மாற்று மருந்து இருந்ததில்லை. ஃபில்லர் போட்டுக்கொண்டு திருப்தியாக இருப்பவர்கள் உலகத்தில் மிகப் பலர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொருள் மாறிவிட்டது. மூக்கு மாறவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது.

மூக்குத்தண்டின் மேல் ஓடும் தமனி எங்கிருந்து வருகிறது தெரியுமா? கண்ணுக்கு ரத்தம் கொண்டு போகும் தமனியின் கிளைதான் கண்குழியைத் தாண்டி வெளியே வந்து மூக்கில் இறங்குகிறது. கீழே கன்னத்துப் பக்கமிருந்து வரும் முகத்தமனியின் கிளைகளோடு அது கைகோத்துக்கொள்கிறது. காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். மூக்கு கடைமடை. கடைமடை வாய்க்காலில் ஒரு குழாயைச் செருகி, ஓட்டத்துக்கு எதிராக அழுத்திச் சேற்றை ஏற்றினால், அது மேல் மதகு வரைக்கும் ஏறும். கையை எடுத்ததும் ஆற்றோட்டம் அதைத் தள்ளிக்கொண்டு பக்கத்துக் கிளை வாய்க்காலில் இறக்கிவிடும். ஊசி முனை தெரியாமல் தமனிக்குள் போய்விட்டால் அப்படித்தான். ஃபில்லர் பின்னோக்கி ஏறி, பிறகு விழித்திரையின் தமனிக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். ரத்தமில்லாமல் விழித்திரை எவ்வளவு நேரம் தாங்கும்? ஒன்றரை மணி நேரம் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அவ்வளவுகூடத் தாங்காது என்கிறவர்களும் உண்டு. கரைக்கும் ஊசி கையிலேயே இருந்தாலும், அது கண்ணுக்குப் பின்னால் அந்த மெல்லிய தமனிக்குள் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பார்வை திரும்பியவர்கள் உண்டு. பெரும்பாலோருக்குத் திரும்பவில்லை.

2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஃபில்லர், கொழுப்பு போன்றவற்றை முகத்தில் ஏற்றிப் பார்வை கெட்டதாக உலக மருத்துவ இதழ்களில் அதுவரை வந்த நோயாளிகளைத் திரட்டியது. 98 பேர். புருவ நடு முதலிடம், மூக்கு இரண்டாமிடம். 2019இல் அதே ஆய்வாளர்கள் தொடர்ச்சியை எழுதினார்கள். புதிதாக 48 பேர். இம்முறை மூக்கு முதலிடம், பாதிக்கு மேல். லட்சக்கணக்கில் ஊசி போடுகிறார்கள், அதில் இது சொற்பம் என்பார்கள். வாஸ்தவம். எழுதப்படாதவை எத்தனை என்று கேட்டால் அதுவும் வாஸ்தவம்தான். கண்ணை விட்டுவிட்டாலும் மூக்கு நுனித்தோல் இருக்கிறது. அங்கே தமனி அடைத்தால் தோல் கறுத்து அழுகும். ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி செதுக்கச் சொன்ன பழைய கை நினைவுக்கு வருகிறதா?

அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. ஃபில்லர்களுக்குக் கொடுத்திருக்கும் அனுமதியில் கன்னம், உதடு, தாடை எல்லாம் உண்டு. மூக்கு கிடையாது. அங்கே மூக்கில் போடும் மருத்துவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் போடுகிறார்கள்.

என் மாணவிக்கு நான் எழுதியது இதுதான். போடாதே என்று நான் சொல்லவில்லை. உன் பெண்ணின் முகம், அவள் முடிவு. ஆனால் இதை ஃபேஷியல் பக்கத்தில் வைத்து யோசிக்காதீர்கள். ஆபரேஷன் பக்கத்தில் வைத்து யோசியுங்கள். முகத்திலேயே ஃபில்லருக்குக் கடைசியாக யோசிக்க வேண்டிய இடம் மூக்கு என்பது என் எண்ணம்.

இது மூக்கைச் சிறிதாக்காது. ஏற்றுகிற பொருள்தானே, கூட்டத்தான் முடியும். தண்டு தாழ்ந்திருந்தால் உயர்த்தலாம். நடுவில் மேடு இருந்தால் மேலும் கீழும் நிரப்பி நேராகக் காட்டலாம். அகல மூக்கு ஒடுங்காது, தண்டு உயர்வதால் ஒடுங்கினாற்போல் தெரியலாம். மூச்சடைப்பு இருந்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்பே மூக்கில் ஆபரேஷன் ஆகியிருந்தால் ரத்தக் குழாய்களின் போக்கு மாறியிருக்கும், ஆபத்து கூடுதல், அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

போடுபவர் யார் என்று கேள். பார்லரில் கோர்ஸ் முடித்தவரா, தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ ஆனவரா? எத்தனை மூக்குக்குப் போட்டிருக்கிறார்? என்ன பொருள், கரைக்கக்கூடியதா? கரையாத ரகமும் சந்தையில் இருக்கிறது. பெட்டியை உன் கண் முன்னால் உடைக்கச் சொல். ஹையலூரானிடேஸ் அந்த அறையிலேயே இருக்கிறதா, எத்தனை குப்பி? தமனி அடைத்தால் என்ன செய்வீர்கள், எந்தக் கண் மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் மூக்கைக் கொடுக்காதே. நல்ல மருத்துவர் நீ கேட்பதற்கு முன்பே சொல்லியிருப்பார்.

முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் வேண்டவே வேண்டாம். வீக்கமும் கன்றலும் அடங்க நாள் வேண்டும், கரைக்க நேர்ந்தால் அதற்கும் நாள் வேண்டும்.

போட்டுக்கொண்ட பிறகு தோல் வெள்ளையாக வெளுத்தாலும், வலைபோல் நீலம் பாய்ந்தாலும், வலி குறையாமல் கூடினாலும், போட்டவரிடம் உடனே திரும்ப வேண்டும். கண் மங்கினாலோ, இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தூக்க முடியாவிட்டாலோ, மற்றதெல்லாம் அப்புறம். ஐஸ் வை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காமல், அந்த நிமிஷமே கண் மருத்துவம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன பொருள், எத்தனை மில்லி, எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதிய சீட்டைக் கிளம்பும்போதே வாங்கிக் கைப்பையில் வைத்திருக்கட்டும்.